ஓடியவனுக்கு வைத்த பெயர்

எங்க பெரியப்பாவுக்கு ஊர்த்தெருவில் வைத்த பெயர் கிறுக்கன். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து ஆள் போய் மோளம் அடிக்க வேண்டும். கூலி என்று ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நெல்லு, குடிக்கச் சாராயம், கிடைத்தால் ஒரு பழைய வேட்டி. நான் மூணாவது படிக்கும்போது ஒரு பெரிய வீட்டுச் சாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பா மோளத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, "இனிமே இத நான் எறக்க மாட்டேன்னு போயி சொல்லு" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

அடிக்க வருவார்கள் என்று காலனியே பயந்து கிடந்தது. யாரும் வரவில்லை. "அவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு, வுடுங்கடா" என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். அடித்திருந்தால்கூட அவர் சொன்ன சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது படுகிறது. அடிக்க வருகிறவன், எதிரில் நிற்பவன் ஏதோ சொல்கிறான் என்பதையாவது ஒத்துக்கொள்கிறான். கிறுக்கன் என்று ஆனபிறகு பெரியப்பா எதைப் பேசினாலும் அது பேச்சாகவே இல்லாமல் போனது. நடவுக்கு உசத்திக் கூலி கேட்டார், கிறுக்கன் உளறுகிறான். டீக்கடையில் எங்களுக்கு மட்டும் ஏன் தனிக் கிளாஸ் என்று கேட்டார், கிறுக்கன் உளறுகிறான். காலனியிலேயே சிலர் அதை நம்ப ஆரம்பித்ததுதான் அவரை ரொம்ப உடைத்தது.

கல்லூரியில் நான் உளவியல் எடுத்தேன். ஆசைப்பட்டு எடுத்ததல்ல, வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் 'அப்நார்மல்' நடத்தை பற்றிய தாள் வந்தது. தமிழில் பிறழ்நடத்தை என்று எழுதச் சொன்னார்கள். எந்த நடத்தையைப் பிறழ்வு என்று சொல்வது? பாடப்புத்தகம் நாலு அளவுகோல் கொடுத்தது. பெரும்பாலோரிடமிருந்தும், சமூகம் வகுத்த நெறியிலிருந்தும் விலகி நிற்பது ஒன்று. அந்த ஆளுக்கே துன்பம் தருவது இரண்டு. அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் ஆக்குவது மூன்று. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பது நாலு. ஆங்கிலத்தில் நாலு சொல்லும் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். நாலு டி, நாலு டி என்று மனப்பாடம் பண்ணினோம். பரீட்சைக்கும் அதுதான் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா ஞாபகம் வந்தது. விலகல் உண்டு, துன்பம் உண்டு, அவருக்கு என்று ஒதுக்கிய வேலையைச் செய்யவில்லை, ஊருக்கு ஆபத்து என்றும் சொல்லலாம். நாலுக்கு நாலு. பத்து மார்க் கேள்விக்கு எட்டு மார்க் போட்டிருந்தார்கள்.

'நார்மல்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'நார்மா'. தச்சர்கள் கையில் வைத்திருக்கிற மூலைமட்டத்துக்கு அந்தப் பெயர். மரத்தில் வைத்துப் பார்த்துக் கோணல் சொல்கிற கருவி. மூலைமட்டம் யார் கையில் இருக்கிறது, மரமாகக் கிடப்பது யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர் எனக்குக் கிடைத்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

கார்ட்ரைட் 1793இல் பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்து நாச்செஸ் நகரத்திலும் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் வைத்தியம் பார்த்தவர். போலி வைத்தியர் அல்ல, அந்தக் காலத்துக்குப் பேர்பெற்ற டாக்டர். லூசியானா மாநில மருத்துவச் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில், கறுப்பின மக்களின் நோய்கள் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து 1851 மார்ச்சில் வாசித்தார். அந்த ஆண்டே நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் அச்சானது. அதில் ஒரு புது நோயைக் கண்டுபிடித்திருந்தார். பெயர் டிராபெடோமேனியா. கிரேக்க மொழியில் 'டிராபெடஸ்' என்றால் தப்பி ஓடிய அடிமை. 'மேனியா' என்றால் பித்து. அடிமைகளை எசமானிடமிருந்து ஓடவைக்கிற மனநோய்.

ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1850இல்தான், தப்பி ஓடிய அடிமை வடக்கு மாநிலங்களில் எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்து எசமானிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வடக்கில் அதற்கு எதிர்ப்பு கொதித்தது. அடிமைமுறை நல்லது என்றால் இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்ற கேள்விக்குத் தெற்கில் பதில் தேவைப்பட்டது. ஒரு மனிதன் காலால் சொன்ன பதிலைக் கார்ட்ரைட் நோயின் அறிகுறியாக மாற்றிக்கொடுத்தார். காரணமும் சொன்னார். எசமான் அடிமையைத் தனக்குச் சமமாக நடத்தினாலும் இந்த நோய் வருமாம், மிதமிஞ்சிக் கொடுமை செய்தாலும் வருமாம். கடவுள் கறுப்பனை மண்டியிடுகிறவனாகப் படைத்தார், அதற்கு விவிலியத்தில் சான்று இருக்கிறது, அவன் முழங்கால் எலும்பிலேயே அது தெரிகிறது, மற்றவர்களைவிட வளைந்திருக்கிறது என்று எழுதினார். நமக்கு இது புதுசா என்ன? பிறந்தது தலையிலா காலிலா என்று உடம்பை வைத்தே இடத்தைப் பிரித்த நாடு இது. அந்தக் காலில்கூட இடம் இல்லாதவர்கள் நாம்.

வைத்தியம் என்ன? மண்டியிடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். வயிற்றுக்குச் சோறு, உடுத்தத் துணி, குளிருக்கு நெருப்பு கொடுத்து, குழந்தையைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணமில்லாமல் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிருப்தியாகத் திரிந்தால் அது நோயின் முதல் கட்டம், அப்போதே சவுக்கால் அடித்துப் பேயை விரட்டிவிட வேண்டும். காரணமில்லாமல்! அடிமைக்கு அதிருப்தி வரக் காரணமே இல்லை என்பதை ஒரு டாக்டர் ஆராய்ச்சி இதழில் எழுதுகிறார், மற்ற டாக்டர்கள் படிக்கிறார்கள்.

அதே அறிக்கையில் இரண்டாவது நோய் ஒன்றும் உண்டு. டிசீஸ்தீசியா ஏதியோப்பிகா என்று வாயில் நுழையாத பெயர். இந்த நோய் வந்த அடிமை வேலையை மந்தமாகச் செய்வான், கருவிகளை உடைப்பான், பயிரை மிதித்து நாசம் பண்ணுவான், அடித்தாலும் உறைக்காது. கங்காணிகள் இதைப் போக்கிரித்தனம் என்று நினைக்கிறார்கள், பாவம், இது வியாதி என்று டாக்டர் அவர்களுக்கு விளக்குகிறார். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, அகலமான தோல்வாரால் அந்த எண்ணெயை அடித்து உள்ளே இறக்கி, பிறகு வெயிலில் கடினமான வேலை வாங்க வேண்டும். கலப்பையை முறிப்பதும் களைக்கொட்டைத் தொலைப்பதும் என்ன என்று கூலிக்குப் போன எந்த ஆளும் சொல்லிவிடுவான். நம்ம பாட்டன்மார் செய்யாததா? பண்ணையாருக்குத் தெரியாமல் மடையைக் கொஞ்சம் திறந்து விடுவது ஒரு பேச்சுதான்.

அன்றைக்கே இதைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் என்ற வெள்ளைக்காரர் தெற்கு மாநிலங்களில் பயணம் செய்து 1856இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பந்தக் கூலிகளாக வந்த வெள்ளைக்காரர்களும்தான் எசமானிடமிருந்து ஓடினார்கள், ஆகவே இது ஐரோப்பாவில் தோன்றிய நோயாக இருக்க வேண்டும், வியாபாரிகள்தான் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று அதில் நையாண்டி செய்தார். ஆனாலும் சொல் சாகவில்லை. ஸ்டெட்மேன் மருத்துவ அகராதியின் 1914ஆம் ஆண்டுப் பதிப்பில்கூட, அலைந்து திரியத் தூண்டும் பித்து என்ற பொருளில் அந்தச் சொல் இருந்தது. அடிமை என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கார்ட்ரைட் ஒருவர் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருக்கு முன்னாலேயே அரசாங்கம் எண்ணிக்கையோடு வந்துவிட்டது. 1840இல் எடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில்தான் முதல்தடவையாகப் பைத்தியங்களை எண்ணினார்கள். வடக்கில் சுதந்திரமாக வாழும் கறுப்பர்களிடையே பைத்தியம், தெற்கத்தி அடிமைகளிடையே உள்ளதைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்று கணக்கு காட்டியது. சுதந்திரம் கொடுத்தால் கறுப்பனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 1844இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் கால்ஹூன், பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தக் கணக்கை எடுத்துப் போட்டார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து எட்வர்ட் ஜார்விஸ் என்ற டாக்டர் அந்தக் கணக்கை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் கறுப்புப் பைத்தியங்கள் இருப்பதாக எழுதியிருந்தது. வூஸ்டர் நகரத்து மனநோய் மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளை நோயாளிகளைக் கறுப்பர் கட்டத்தில் போட்டிருந்தார்கள். நியூயார்க்கிலிருந்து இன்னொரு டாக்டரும் எழுதினார். ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித், 1813இல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கறுப்பர் என்பதால் அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்கவில்லை. கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போய், 1837இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பர் அவர்தான். எண்ணை எண்ணாலேயே எதிர்த்து, கணக்கு பொய் என்று 1844இல் காட்டினார். கணக்கைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனுவும் போனது. திருத்தவில்லை.

இப்போது என் பாடப்புத்தகத்தின் நாலு டியையும் ஓடிப்போன அடிமையின் மேல் வைத்துப் பார்க்கிறேன். இலட்சக்கணக்கானோர் ஓடாமல் இருந்தபோது சிலர்தான் ஓடினார்கள், ஆக விலகல் இருக்கிறது. சட்டத்தையும் மீறினார்கள். துன்பம் இல்லாமலா ஓடினார்கள்? பருத்திக் காட்டு வேலையைச் செய்யவில்லை, ஆக செயலிழப்பு. எசமானுக்கு ஆபத்து, சொத்து நஷ்டம். கார்ட்ரைட்டை முட்டாள் என்று சொல்லிச் சிரிக்கிற நவீனப் பாடப்புத்தகத்தின் அளவுகோலிலேயே அவர் ஜெயிக்கிறார். காரணம், நாலு டியும் ஓடுகிறவனை மட்டும்தான் பார்க்கின்றன. எதிலிருந்து ஓடுகிறான் என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

பழைய கதை என்று விடவும் முடியாது. 1958இல் கிளென்னன் கிங் என்ற கறுப்பினக் கல்லூரி ஆசிரியர், வெள்ளையர் மட்டுமே படித்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேரப்போனார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நீதிபதி அவரை மாநில மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கிற கறுப்பன் பைத்தியமாகத்தானே இருக்க வேண்டும்! சுமார் இரண்டு வாரம் கழித்து, இவருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் கிங் போராளி அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுதான் கறுப்பர் உரிமைச் சங்கத்தைத் திட்டிப் பத்திரிகையில் எழுதி, சொந்த மாணவர்களின் புறக்கணிப்புக்கு ஆளானவர். நல்லபிள்ளையாக இருந்தும் கதவைத் தட்டிய அன்றைக்கு அவரும் பைத்தியம்தான். நான்கு ஆண்டு கழித்து, 1962இல், ஜேம்ஸ் மெரிடித் அதே பல்கலைக்கழகத்துக்குள் இராணுவப் பாதுகாப்போடு நுழைந்தார்.

பிறகு சொற்கள் நாகரிகமாகிவிட்டன. 1968இல் பிராம்பெர்க், சைமன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கறுப்பர் எழுச்சிக் கருத்துகளோடு சேர்ந்து வரும் மனச்சிதைவுக்கு 'எதிர்ப்புப் பைத்தியம்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் இரண்டாம் பதிப்பு, சந்தேகம் மிகுந்த மனச்சிதைவை விவரிக்கும்போது பகையுணர்ச்சி, ஆக்ரோஷம் என்ற பொருள்தரும் சொற்களைப் பயன்படுத்தியது. மிச்சிகன் மாநிலத்து அயோனியா மருத்துவமனையின் பழைய நோயாளிக் கோப்புகளை ஜோனதன் மெட்ஸல் என்ற மனநல மருத்துவர் உட்கார்ந்து படித்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். முன்பு மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களில் வெள்ளைக் குடும்பப் பெண்கள் நிறைய. அறுபதுகளில் அந்தப் பெயர் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பு ஆண்கள்மேல் போய் உட்கார்ந்தது. டெட்ராய்டில் 1967இல் நடந்த எழுச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1974இல் ஹால்டால் என்ற மருந்துக்கு மனநல மருத்துவர்களின் இதழில் வந்த விளம்பரப் படத்தில், ஒரு கறுப்பர் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த மடக்கிய முட்டி அன்றைக்கு எதன் சின்னம் என்று அமெரிக்காவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

இடதுசாரித் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சோவியத் ஒன்றியத்திலும் இது நடந்தது. அரசை விமர்சித்தவர்களுக்கு 'மெல்ல ஊரும் மனச்சிதைவு' என்று பெயர் வைத்து மருத்துவமனையில் பூட்டினார்கள். உலக மனநல மருத்துவச் சங்கம் வெளியேற்றிவிடும் என்ற நிலையில் 1983இல் சோவியத் சங்கம் தானே விலகிக்கொண்டது.

எனக்கு எல்லாவற்றையும்விடச் சுருக்கென்று தைத்தது வேறொரு செய்தி. அறுபதுகளில் கறுப்பர்கள் இனவெறியால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கறுப்பின மனநல மருத்துவர்கள் சிலர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். உச்சகட்ட இனவெறியை மனநோய்ப் பட்டியலில் சேருங்கள். சங்கம் மறுத்துவிட்டது. ஆல்வின் பூசெய்ன்ட் என்ற கறுப்பின மனநல மருத்துவர் 2002இல் எழுதிய கட்டுரையில் சங்கம் சொன்ன காரணத்தைப் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்கர்களில் இனவெறி கொண்டவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களாம், ஆகவே உச்சகட்ட இனவெறிகூட இயல்புக்குள்தான் வருகிறதாம், அது பண்பாட்டுப் பிரச்சினை, நோய் அல்லவாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடினவன் சொற்பம், ஆகவே நோயாளி. அடித்துக் கொன்றவன் கூட்டம், ஆகவே நார்மல்.

சாதிவெறியையும் நோய் என்று அறிவிக்கக் கேட்கலாமே என்று ஒரு கூட்டத்தில் மாணவர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. நோய் என்றால் நோயாளிக்கு மன்னிப்பு உண்டு. தன் தங்கையை வெட்டிய அண்ணன் கோர்ட்டில் டாக்டர் சீட்டோடு வந்து நிற்பான். சாதிவெறி யாருக்கும் தலைக்குள் கெட்டுப்போய் வருவதில்லை. நன்றாக வேலை செய்கிற தலையில், நன்றாகச் சொல்லிக்கொடுத்து வருவது. ஆனால் சங்கம் மறுத்த காரணம் இது அல்ல. 'நிறைய பேர் செய்கிறார்கள்' என்பதுதான் அது சொன்ன காரணம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தது. அவர்கள் பட்டதைப் படிப்பது நமக்கு வழக்கம்தான்.

வரையறை மாறாமலும் இல்லை. மாற்றியது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தள்ளு. ஒருபால் விருப்பம் கொண்டவர்கள் மருத்துவச் சங்கத்தின் மாநாடுகளுக்குள்ளேயே புகுந்து சண்டை போட்டபிறகு, 1973 டிசம்பரில் சங்கம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு டாக்டர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோது 58 சதவீதம் பேர் அந்த முடிவை ஆதரித்தார்கள். ஓட்டுப் போட்டு ஒழிகிற நோய்! அந்த அடியில்தான், மனக்கோளாறு என்றால் என்ன என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்புக் கையேடு முதல்தடவையாக ஒரு வரையறை எழுதியது. துன்பமோ செயலிழப்போ இருக்க வேண்டும், ஆளுக்குள்ளேயே ஏதோ ஒன்று கோளாறாகி இருக்க வேண்டும், ஆளுக்கும் சமூகத்துக்கும் நடக்கிற மோதல் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் இந்தக் கருத்து தொடர்கிறது. 1992இல் ஜெரோம் வேக்ஃபீல்ட் இன்னும் கூர்மையாக்கினார். மனதுக்குள் இயற்கையாக நடக்க வேண்டிய ஒரு வேலை நடக்காமல் போக வேண்டும், அதனால் அந்த ஆளுக்குக் கெடுதலும் வர வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கோளாறு. வலித்தால் ஓடு என்பது மனதின் இயற்கையான வேலை, ஓடிய அடிமையின் மனது அதைச் சரியாகச் செய்தது, ஆக அவன் விடுதலை.

நல்ல வரையறைதான். ஆனால் கார்ட்ரைட்டிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்? கறுப்பனின் இயற்கையான வேலை மண்டியிடுவது, அது நடக்கவில்லை, ஆகவே உள்ளே கோளாறு என்று எழுதுவார். முழங்கால் எலும்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர் அல்லவா? இயற்கை எது என்று சொல்கிற இடத்தில் மெக்யூன் ஸ்மித் மாதிரி ஒரு ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த வரையறையும் எசமான் கையில் மூலைமட்டம்தான். 2021 ஜனவரியில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், மனநல மருத்துவத்துக்குள் இருந்த இனவெறிக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. கார்ட்ரைட்டின் அறிக்கைக்கு அப்போது 170 வயது.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். ஒருகாலத்தில் நான் அப்படித்தான் நிறுத்தினேன். அதற்கு என் அக்கா விலை கொடுத்தாள்.

1992இல் அக்காவுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. தூக்கம் இல்லை, சோறு இல்லை. சோற்றில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்றாள். வீட்டில் பேய் என்றார்கள், மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார்கள். மூணு மாசத்தில் அக்கா பழையபடி சிரித்தாள். அப்போது நான் இயக்கத்தில் இருந்தேன். வாசிப்புக் கூட்டத்தில் தாமஸ் சாஸ் பற்றிப் பேசினோம். மனநோய் என்பதே ஒரு கட்டுக்கதை என்று 1961இல் நூல் எழுதியவர். எனக்கு வெறி ஏறிவிட்டது. பெரியப்பாவைக் கிறுக்கன் என்றார்கள், அதிகாரம் அப்படித்தான் பெயர் வைக்கும் என்று எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒனக்கு ஒண்ணுமில்ல, இந்த மாத்திர ஒன்ன அடக்கி வைக்கத்தான், தூக்கிப் போடு" என்றேன். படித்த தம்பி சொன்னான் என்று அவள் போட்டுவிட்டாள்.

அடுத்த மார்கழியில் ஒரு ராத்திரி அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டாள். மூணாம் நாள் ரோட்டோரமாகப் பார்த்து ஒரு லாரிக்காரர் டீக்கடையில் விட்டிருந்தார். பாதம் ரெண்டும் புண். அந்த ரெண்டு ராத்திரியில் அவளுக்கு என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹாரியட் டப்மன் பற்றி நிதானமாகப் படித்தேன். 1849இல், கார்ட்ரைட்டின் அறிக்கைக்கு இரண்டு ஆண்டு முன்னால், மேரிலாந்திலிருந்து தப்பி ஓடிய அடிமைப் பெண். பெண்பிள்ளையாக இருந்தபோது ஒரு கங்காணி வேறு ஆள்மேல் வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் அவர் தலையில் பட்டு மண்டை உடைந்தது. ஆயுள் முழுக்கத் தலைவலி. பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தூங்கிவிடுவார், கண்ணுக்குக் காட்சிகள் தெரியும். அந்தத் தலையோடுதான் ஓடினார். அதே தலையோடு சுமார் 13 முறை திரும்பிப்போய் எழுபது பேர்வரை மீட்டு வந்தார். தலைக்குள் அடிபட்ட இடம் ஒன்று. ஓட்டம் வேறு. அடிபட்டதை மறைத்தால் கங்காணியின் குற்றம் மறைந்துபோகும். ஓட்டத்தை அடிபட்டதோடு முடிச்சுப் போட்டால் கார்ட்ரைட் ஜெயித்துவிடுவார். எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெரியப்பா மோளத்தைப் பரணில் போட்டதும் அக்கா ராத்திரியில் நடந்து போனதும் ஒன்று என்று நினைத்தேன்.

நம் நாட்டில் 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, வேலை, அரசியல் மதிப்புகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. 'வேலை' என்ற சொல்லும் அதில் இருக்கிறது. பெரியப்பாவுக்காகவே எழுதியது மாதிரி. அதே சட்டம், மனநல சிகிச்சை கிடைப்பது ஒவ்வொருவரின் உரிமை என்றும் சொல்கிறது. அது அக்காவுக்கு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்களே, அவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கவில்லை, ஓடவும் முடியவில்லை.

அக்கா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள். அங்கன்வாடியில் சமையல் வேலை. இதை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்க வேண்டுமே. கடைசிவரை கேட்டாள்.

"அப்ப பெரியப்பாவுக்கு மாத்திர வேணாம்."

"வேணாங்கா."

"எனக்கு வேணும்."

"ஆமாக்கா. நீதான சொன்ன, எங்கயும் போகணும்னு போவல, காலு தானா போச்சுன்னு. பெரியப்பாவுக்கு என்னா செய்யிறோம்னு தெரியும்."

"இத அப்பவே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள். "தூக்கிப் போடுன்னுதான சொன்ன, நீ எங்க கேட்ட?"